எதற்கும் உதவாத ஒரு பெட்டி

2023 தீபாவளிக்கு முந்தைய மாதம் எனக்குச் சீட்டுப் பணம் வந்தது. மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம். அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் பெண்கள் இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டு. அவசரக்காரர்கள் எல்லாம் தள்ளிக் கேட்டு எடுத்துக்கொண்டு போக, நான் கடைசி ஆளாக எடுத்தேன். கமிஷன் போக 95,000 ரூபாய்.

பணம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அதற்கான செலவுகள் வந்துவிட்டன. "ஒண்ணரைப் பவுனாவது எடுத்து வை. நாளைக்கு ஒரு கஷ்டம்னா அதுதான் கை கொடுக்கும்" என்றார் மாமியார். வண்டிக் கடனில் பாக்கி இருப்பதை முடித்துவிடலாம் என்றார் கணவர். பன்னிரண்டு வயது மகன் எதுவும் சொல்லவில்லை. கியர் வைத்த ஒரு சைக்கிளின் படத்தை மட்டும் என் போனுக்கு அனுப்பியிருந்தான். விருதுநகரிலிருந்து அம்மா கூப்பிட்டு, "பேங்க்ல போட்டுரு, வெளிய சொல்லாத" என்றார்.

எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நானாகவே சொன்னேன்.

"நான் கேம் விளையாட ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"தம்பிக்குத்தானே?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. எனக்கு."

அத்தைக்கு முதலில் தோன்றியது ரம்மி. ஆன்லைன் ரம்மியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்த வருடம் அது. தற்கொலைச் செய்திகளைப் பேப்பரில் படித்துப் படித்து, 'கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பயம். "பணம் கட்டி ஆடுறது இல்ல அத்தை. சும்மா விளையாடுறது" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது, அந்தப் பதில் ரம்மியைவிட மோசம். ரம்மியிலாவது பணம் வரும் என்ற எண்ணம் உண்டு. முப்பத்தேழு வயதுப் பெண் சும்மா விளையாடுவதற்கு என்ன காரணம் சொல்வது?

இந்தக் கட்டுரை, கேமிங் கம்ப்யூட்டரா, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலா என்று நான் ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட கதை. இரண்டுக்கும் விலைப்பட்டியல் போட்டுப் பார்த்தேன். கடைசியில் முடிவெடுத்தது விலையை வைத்து அல்ல.

*

1994இல் எனக்கு எட்டு வயது. மதுரையில் இருந்த மாமா கோடை விடுமுறைக்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். வெள்ளைப் பெட்டி, இரண்டு கண்ட்ரோலர், ஒரு கேசட். அந்தக் கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும். உண்மையில் ஏழெட்டு விளையாட்டுகள்தான் பெயர் மாறி மாறி வரும். அதில் ஒன்று மரியோ.

அந்த மரியோவில் இரண்டு பேர் ஆடலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஆட முடியாது. முதல் ஆள் செத்தால்தான் இரண்டாம் ஆளுக்கு ஆட்டம். முதல் கண்ட்ரோலர் எப்போதும் அண்ணனிடம். அவன் நன்றாக விளையாடுவான், சாகவே மாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாகக் காத்திருப்பேன். "இந்த லைஃப் முடியட்டும்" என்பான். முடிந்ததும் அடுத்த லைஃப்.

நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்த ஒரு நாள், "சரி, சேர்ந்தே ஆடலாம்" என்று இரண்டாவது கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தான். நான் பொத்தான்களை அமுக்க அமுக்க மரியோ ஓடினான், குதித்தான், காசு எடுத்தான். இரண்டு நாள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் வீடு பெருக்க வந்த அம்மாதான், "இந்த வயரு ஏன் சும்மா கெடக்கு?" என்று கேட்டார். என் கண்ட்ரோலரின் வயர் பெட்டியில் சொருகப்படவே இல்லை.

பிறகு நானும் கற்றுக்கொண்டேன். மத்தியானம் அண்ணன் கிரிக்கெட் ஆடப் போகும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஆடுவேன். பதின்மூன்று வயதில் அதுவும் நின்றது. நான் பெரியவளான பிறகு, அண்ணனின் நண்பர்கள் வந்து உட்காரும் அந்த முன்னறை எனக்கு மூடப்பட்டது. "அவனுங்க இருக்கறப்ப நீ எதுக்கு அங்க?" என்பார் அம்மா. அவர்கள் இல்லாத நேரத்தில் எனக்குப் பாத்திரம் இருந்தது.

2002இல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம். "படிப்புக்கு" என்று அப்பா கடன் வாங்கி வாங்கினார். மேசை போட்டு, அண்ணனின் அறையில் வைத்தார். அவன் அதில் ரோடு ராஷ் ஓட்டினான்; பிறகு வைஸ் சிட்டி. கதவு சாத்தியிருந்தால் படிக்கிறான் என்று அர்த்தம். நான் பி.காம். சேர்ந்தபோது டேலி கற்றுக்கொள்ள வெளியே ஒரு சென்டருக்குப் பணம் கட்டிப் போனேன். வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் அண்ணனுடையது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த மாணவ மாணவிகளிடம் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இருவர் நீண்ட காலம் பேட்டி எடுத்து, 2002இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அங்கும் இதே கதை. கம்ப்யூட்டர் பெரும்பாலும் மகனுக்காக வாங்கப்பட்டது, மகனின் அறையில் வைக்கப்பட்டது, மகள் எட்டிப் பார்த்தாள். முதலாண்டு வகுப்புக்கு வரும்போதே பையன்கள் பலருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தது. பெண்கள் தங்களுக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்தார்கள். அந்தப் பழக்கத்தில் விளையாட்டுக்கும் பங்கு இருந்தது. ஒரு பொருள் வீட்டில் எந்த அறையில் வைக்கப்படுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

*

கல்யாணத்துக்குப் பிறகு நான் விளையாடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். போனில் விளையாடினேன். கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர் கொடுப்பார்கள். தீர்ந்தால் அடுத்த உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். என்னைப் போன்றவர்களின் நாளை யாரோ கூடவே இருந்து பார்த்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒரு ஆட்டம். பஸ்ஸில் ஒரு ஆட்டம். மகன் தூங்கும்வரை அவன் தலைமாட்டில் ஒரு ஆட்டம். யாருக்கும் தெரியாது, போன் பார்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

2020 ஊரடங்கில் அலுவலக லேப்டாப் வீட்டுக்கு வந்தது. ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை எனக்கு. மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு இரவு அந்த லேப்டாப்பில் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை இறக்கினேன். எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாளாகச் செய்து 2016இல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன பண்ணையில் போய் விவசாயம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

அதில் ஒரு விதி உண்டு. அன்றைய நாளை முடித்துப் படுக்கையில் போய்ப் படுத்தால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். ஒரு நாள் என்பது ஏறக்குறைய பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு முழுதாகக் கிடைத்த நாட்கள் குறைவு. தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, சாயங்காலம் ஆகியிருக்கும், "ஏம்மா, அந்த மாத்திரைய எங்க வச்ச?" என்று குரல் வரும். எழுந்து போய்த் திரும்பினால் மகன் ஆன்லைன் வகுப்புக்கு லேப்டாப்பை மூடி எடுத்துப் போயிருப்பான். அந்த நாள் போயிற்று. விதைத்தது எதுவும் இருக்காது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். எனக்கு அந்த 299 பெரிய அதிர்ச்சியாக இல்லை. அந்த நிமிடங்கள் ஒரே இடத்தில் வருவதில்லையே, அதுதான் பிரச்சினை. நாள் முழுக்க இரைந்து கிடக்கின்றன. ஆண்களின் ஓய்வு ஒரு முழுத் துண்டு. நம்முடையது கத்தரித்துப்போட்ட துண்டுகள்.

*

சரி, கடைக்கு வருவோம்.

முதலில் நான் போனது ரிச்சி ஸ்ட்ரீட். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துத் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "தம்பி எந்த கேம் ஆடுவார் மேடம்?" என்றார் கடைக்காரர். அது அந்தக் கடையில் மட்டும் இல்லை, ஏறிய நான்கு கடையிலும் அதே கேள்வி. மூன்றாவது கடையில் "நான்தான் அந்தத் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கொட்டேஷன் மட்டும் சரியாகக் கொடுத்தார்.

கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, சுமார் 30,000 ரூபாய். ரைசன் 5 புராசஸர் 12,000. மதர்போர்டு 10,000. மெமரி, எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினட் எல்லாம் சேர்த்து 18,000. மானிட்டர் 11,000. கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் 6,500. மொத்தம் 87,500 ரூபாய். பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் போடும் மாடல், அப்போது 54,990. டிஸ்க் இல்லாதது 10,000 குறைவு.

தொழில் புத்தி போகாதே, ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். கம்ப்யூட்டருக்கு முதலில் அதிகம் கொடுக்க வேண்டும், ஆனால் விளையாட்டுகள் மலிவு. ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மற்றவர்களோடு ஆன்லைனில் ஆடத் தனிக் கட்டணம் இல்லை. கன்சோலில் புது விளையாட்டு ஒன்று அப்போது 4,999 ரூபாய் வரைக்கும் போனது. பெரும்பாலான விளையாட்டுகளை ஆன்லைனில் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் சந்தாவும் கட்ட வேண்டும். ஆனால் டிஸ்க் மாடலாக இருந்தால் பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்கி, ஆடி முடித்து, மறுபடி விற்கலாம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் 90,000 ரூபாய்ப் பக்கத்தில் வந்து நின்றன. பணம் எனக்காக முடிவெடுக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் கம்ப்யூட்டர்தான் நல்ல பொருள். நாளைக்கு ஒரு பாகம் பழசானால் அதை மட்டும் மாற்றலாம். விளையாட்டோடு ஆயிரம் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குச் சொந்தமாகத் திரை இருக்கிறது. கன்சோலுக்கு டிவி வேண்டும், டிவி ஹாலில் இருக்கிறது, ஹாலில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை சீரியல். கம்ப்யூட்டர் என்றால் படுக்கையறை மூலையில் ஒரு மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். யார் கண்ணிலும் படாது.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். "கம்ப்யூட்டர் வாங்கலாம்னு பாக்கறேன்."

வீடே சம்மதித்தது! கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அப்படிச் சொல்லு, அது உபயோகமான பொருள்தான். எனக்கும் ஆபீஸ் எக்செல் பாக்க வசதி" என்றார். "ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஆகும்மா" என்றான் மகன். சைக்கிளை மறந்துவிட்டான். அத்தைகூட, "தம்பி படிப்புக்குன்னா சரி" என்றார். மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது ஆடிட்டர் சாருக்கும் மகிழ்ச்சி. "நல்லதும்மா, மார்ச்ல ராத்திரி வீட்லருந்தே கொஞ்சம் பாத்துடலாம்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் இன்னும் வாங்கப்படவே இல்லை. அதற்குள் அந்தக் கம்ப்யூட்டரில் நான்கு பேருக்கு வேலை இருந்தது. விளையாட்டு என்ற சொல்லை மட்டும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. நானும்தான். ஏன் 'கேம் விளையாடக் கம்ப்யூட்டர்' என்று சொல்லாமல் வெறும் 'கம்ப்யூட்டர்' என்றேன்? அப்பா 2002இல் 'படிப்புக்கு' என்று சொன்னாரே, அதேபோல ஒரு போர்வையை நானே என் பொருளுக்குப் போர்த்தினேன். அண்ணனுக்கு அந்தப் போர்வைக்குள் விளையாட இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்குமா? எனக்குத் தெரியும், கிடைக்காது. நான் மேசையில் உட்காரும் நேரத்தில் அவருக்கு எக்செல் இருக்கும், மகனுக்கு ப்ராஜெக்ட் இருக்கும், அவை 'வேலை'. வேலை கேட்டால் விளையாட்டு எழுந்து இடம்விட வேண்டியதுதான். கடைசியில் ரயில் டிக்கெட் புக் பண்ணவும் கரண்ட் பில் கட்டவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எல்லா வேலைக்கும் ஆகும் பொருள் எல்லோருடைய வேலைக்கும் போய்விடும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு ஆள் இருக்கிறாள்.

கன்சோலால் எக்செல் திறக்க முடியாது. ஸ்கூல் ப்ராஜெக்ட் செய்ய முடியாது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யச் சொல்லி அதை யாரும் கேட்க முடியாது. முப்பத்தேழு வருடத்தில் முதல்முறையாக, எதற்கும் உதவாத ஒரு பொருளை எனக்காக வாங்க நினைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது நடைமுறை. பிளேஸ்டேஷனில் ஓய்வு நிலை என்று ஒன்று இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போது அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். மறுநாள் வந்து கண்ட்ரோலரை அமுக்கினால், விட்ட நொடியிலிருந்து ஆட்டம் தொடரும். நடுவில் கரண்ட் போனால் அந்த வசதி போச்சு, அது வேறு விஷயம். நாளுக்கு இருபது தடவை எழுந்து போகிறவளுக்கு இது கிராபிக்ஸ் கார்டைவிடப் பெரிய விஷயம். கடைகளில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் தம்பிகளுக்கு விற்றுப் பழகியவர்கள். தம்பிகளை யாரும் நடுவில் எழுப்புவதில்லை.

*

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கன்சோல் வந்தது. மிச்சப் பணத்தில் வண்டிக் கடனில் கொஞ்சம் அடைத்தேன். சைக்கிளை அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டும், தாண்டினால் விகிதமும் மாறும் என்றார் கணவர். அவர் சொன்னது சரி, எங்கள் பில் எப்போதும் 500ஐ ஒட்டித்தான் நிற்கும். சுமார் 200 வாட், நாளுக்கு இரண்டு மணி நேரம், அறுபது நாள், 24 யூனிட் என்று எழுதிக் காட்டினேன். "வாஷிங் மெஷினையும் கிரைண்டரையும் நான் கணக்குப் பண்ணிக்கறேன்" என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை.

டிவிக்குப் பஞ்சாயத்து நடந்தது. சீரியல் நேரம் அத்தைக்கு. செவ்வாய், வியாழன் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று எனக்கு. ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்கு எனக்கு. அந்த நேரத்தில் அடுப்படி கணவருடையது.

முதல் ஞாயிறு எத்தனை தடவை எழுந்தேன் என்று எண்ணினேன். பதினொன்று. சீரகம் எங்கே, கேஸ் புக் எங்கே, வாசலில் யாரோ, மகனுக்குக் கணக்கில் சந்தேகம். கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஓய்வு நிலைக்கு நன்றி சொன்னேன். ஒரு மாதம் கழித்து நான்கு. இப்போது ஒன்று, இரண்டு. சீரகம் இருக்கும் டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது, தேடக் கற்றுக்கொண்டார்கள்.

மறக்க முடியாத நாள் வேறொன்று. ஜனவரியில் ஒரு ஞாயிறு கணவரின் சித்தப்பா குடும்பம் சொல்லாமல் வந்துவிட்டது. நான் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, கையில் கண்ட்ரோலரோடு ஹொரைசன் ஸீரோ டான் ஆடிக்கொண்டிருந்தேன். 2017இல் வந்த விளையாட்டு. ஏலாய் என்ற பெண் வில்லோடு இயந்திர மிருகங்களை வேட்டையாடுவாள். சித்தப்பா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணவர் சட்டென்று, "பையனோடது சித்தப்பா. சும்மா எப்படி இருக்குன்னு பாத்துட்டிருக்கா" என்றார்.

நான் எழுந்து காபி போட்டேன். அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னன்னு சொல்றது? உன்னைத் தப்பா நினைக்கக் கூடாதுன்னுதான்."

"விளையாடிட்டிருக்கான்னு சொல்லுங்க. அதைத்தானே செஞ்சேன்."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். ஆனால் எதிலிருந்து காப்பாற்றினார்? தண்ணியடித்துவிட்டு வந்தவனுக்குச் சொல்லும் சாக்கை, கேம் ஆடிக்கொண்டிருந்த மனைவிக்குச் சொன்னார். அன்று இரவு நெடுநேரம் பேசினோம். கம்ப்யூட்டர் வாங்கிக் கதவைச் சாத்தியிருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது. சித்தப்பா கேட்டால், 'உள்ள வேலை பாத்துட்டிருக்கா' என்று சொல்லியிருப்பார். நானும் வேலை பார்ப்பவளாகவே இருந்திருப்பேன்.

மார்ச்சில் அதே சித்தப்பா வந்தபோது, "அவ கேம் ஆடிட்டிருக்கா, நாலு மணிக்கு முடிச்சிருவா. நான் காபி போடறேன், உக்காருங்க" என்றார். காபியில் சர்க்கரை கூடுதல்.

*

நான் நன்றாக விளையாடுகிறேனா என்று கேட்டால், இல்லை. முதல் இரண்டு வாரம் செத்துக்கொண்டே இருந்தேன். ஒரே இயந்திர மிருகம் என்னை முப்பது தடவை கொன்றிருக்கும். ஆனால் அப்படிச் சாவதில் ஒரு நிம்மதி இருந்தது. ரசத்தில் உப்பு கூடினால் அது பத்து வருடம் பேசப்படும். ரிட்டர்னில் ஒரு எண் தப்பினால் அபராதம். இங்கே தப்பினால் யாருக்கும் ஒன்றுமில்லை, மறுபடி முதலிலிருந்து. தப்புச் செய்து பழகும் இடம் வயதுவந்த பெண்களுக்கு வேறு எங்கே இருக்கிறது?

மற்றவர்களோடு ஆன்லைனில் ஆடுவதை விட்டுவிட்டேன். ஒரு முறை மைக்கில் பேசினேன். பெண் குரல் என்று தெரிந்த அரை நிமிடத்தில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இதில் கம்ப்யூட்டர், கன்சோல் வித்தியாசம் இல்லை.

'வெண்பா' என்ற விளையாட்டையும் சொல்ல வேண்டும். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அதன் அம்மா, அவள் சமையல். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும். எப்படிச் செய்வது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். இட்லி வேகவைக்கும் கட்டத்தில் நான் தடுமாறியபோது பின்னாலிருந்து, "தட்ட அப்படியா அடுக்குவாங்க?" என்று குரல் வந்தது. சீரியல் முடிந்தும் அத்தை எழுந்து போகவில்லை. கண்ட்ரோலரை நீட்டினேன். வாங்கவில்லை. "எங்க வீட்ல பல்லாங்குழி இருந்துச்சு. கல்யாணமாகி வந்தப்ப கொண்டாந்தேன். இங்க யாரும் ஆடல" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அது பரணில் இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதோ யாருக்கோ கொடுத்தாயிற்றாம்.

*

இந்த வருடம் அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு நாள் போன் செய்தாள். "அத்தை, எனக்குக் கேம் ஆடணும். அப்பாகிட்ட எதக் கேக்கட்டும், கம்ப்யூட்டரா, பிளேஸ்டேஷனா?"

யோசிக்காமல் "கம்ப்யூட்டர்" என்றேன். அவளுக்குப் பதினெட்டு வயது. கணினி படிக்கிறாள். அவள் விளையாட்டையே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நாளைக்குச் சொந்தமாக ஒன்று செய்யலாம். கன்சோல் அவ்வளவு தூரம் திறந்துவிடாது. எனக்கு எது சரி என்பது அவளுக்குச் சரியாகாது. அவள் அறையில் வை, பாஸ்வேர்டு நீ போடு என்று மட்டும் சொன்னேன்.

"படிப்புக்குன்னு சொல்லிக் கேக்கட்டுமா?"

"படிப்புக்கும் விளையாடவும்னு கேளு. ரெண்டையும் சொல்லு."

இரண்டு நாளில் அண்ணன் கூப்பிட்டான். "புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்த? விளையாடறதுக்குக் கம்ப்யூட்டர் வேணும்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறா."

"உன் ரூம்ல இருந்துச்சே, அது எதுக்கு வாங்குனது?" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் சிரித்தான். "அந்த ரெண்டாவது கண்ட்ரோலர், வயரச் சொருகாம குடுத்தியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கு" என்றான்.

கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எந்த அறையில் வைத்திருக்கிறான் என்று கேட்கவில்லை. பொங்கலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்வேன்.